சிகரெட்டா, ஜீனா? ரொனால்டு ஃபிஷர் கிளப்பிய சண்டை

சேவூர் ஏலத்துக்கு வரும் நிலக்கடலையில் எந்த ரகம் நல்லா விளையும் என்று வயலில் சோதித்துப் பார்க்க ஒரு கணக்கு முறை இருக்கு. அதற்கு அடித்தளம் போட்டவர் ரொனால்டு ஃபிஷர். சிகரெட்டுக்கு வக்காலத்து வாங்கியவரும் இவரேதான்!

1890-ல் லண்டனில் பிறந்தார். பார்வை மங்கல்; கணக்கை மனசுக்குள்ளேயே போட்டுப் பழகினார். 1919-ல் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். பிறகு மரபியலிலும் பெரிய பெயர்.

1950-ல் டால், ஹில் இருவரும் நுரையீரல் புற்றுநோயை சிகரெட்டோடு இணைத்தார்கள். ஃபிஷர் ஏற்கவில்லை. புகைக்கத் தூண்டுவதும் புற்றுநோய் தருவதும் ஒரே ஜீனாக இருக்கலாமே என்றார். ஒரே கருவில் பிறந்த இரட்டையர்கள் புகைப்பழக்கத்திலும் ஒத்துப்போவதை 1958-ல் ஆதாரமாகக் காட்டினார். அவரே பைப் பிடிப்பவர், புகையிலை நிறுவனங்களின் ஆலோசகர் என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்கணும். அடுத்த ஆண்டே கார்ன்ஃபீல்டு குழு மடக்கியது: புகைப்பவர்களுக்கு ஆபத்து 9 மடங்கு என்றால், அந்த ஜீனும் அவர்களிடம் குறைந்தது 9 மடங்கு அதிகமாக இருக்கணுமே?

1962-ல் ஃபிஷர் அடிலெய்டில் இறந்தார், குடல் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பின்.

2008-ல்தான் திருப்பம். 15-வது குரோமோசோமில், நிகோட்டினை உணரும் ஜீன்கள் இருக்கும் பகுதியில் சில மாறுபாடுகள் சிக்கின. சில, ஜீனின் அமைப்பையே மாற்றுபவை. மற்றவை ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி, ஜீன் எவ்வளவு வேலை செய்யணும் என்பதைக் கூட்டிக் குறைப்பவை. இவை இருப்பவர்கள் அதிகம் புகைக்கிறார்கள். புற்றுநோய் ஆபத்தும் கூடுது. ஃபிஷர் சந்தேகப்பட்ட மாதிரி ஜீன் நிஜமாவே இருந்திருக்கு. ஆனா அது கூட்டும் ஆபத்து, ஒரு பிரதிக்குச் சுமார் 30%. சிகரெட் கூட்டுவது 10 மடங்குக்கும் மேல்.