பாலுக்குள் இருந்த நோயைக் கண்ட பெண்

பாலைக் காய்ச்சாமல் குடிக்கக்கூடாது என்பது அம்மாமாரும் அம்மம்மாமாரும் நமக்குச் சொல்லித் தந்த பாடம். இதே பாடத்தைத் தன் நாட்டவர்க்கு விளங்கவைக்க ஒரு பெண் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. நூற்றாண்டு காணும் நம் கல்லூரியின் மலரில் அந்த விஞ்ஞானியை நினைவுகூர விரும்புகிறோம்.

அலிஸ் கத்தரின் எவன்ஸ் 1881 ஜனவரி 29 ஆம் திகதி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், நீத் என்னும் சிற்றூரில், ஒரு கமக்காரக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பின் பின் மேலே கற்க வசதியில்லை. நான்கு ஆண்டுகள் ஆசிரியையாகப் பணியாற்றினார். கோர்னெல் பல்கலைக்கழகம் கிராமத்து ஆசிரியர்களுக்கு இலவசமாக நடத்திய இயற்கைக் கல்விப் பாடநெறியே அவருக்கு விஞ்ஞானத்தின் கதவைத் திறந்தது. 1909 இல் பற்றீரியாவியலில் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு, புலமைப்பரிசிலின் உதவியுடன், விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் முதுமாணியானார். கலாநிதிப் பட்டத்துக்குச் செல்லாமல், விவசாயத் திணைக்களத்தின் பாற்பண்ணைப் பிரிவில் ஆய்வாளராகச் சேர்ந்தார்.

அக்காலத்தில் இரு நோய்கள் வேறுவேறாகக் கருதப்பட்டன. ஒன்று, மனிதரை வாட்டிய மோல்ட்டாக் காய்ச்சல்; அதன் கிருமியை டேவிட் புரூஸ் 1887 இல் கண்டறிந்திருந்தார். மற்றையது, பசுக்களில் கருச்சிதைவை உண்டாக்கும் நோய். அதன் கிருமியை பேர்ன்ஹார்ட் பாங் 1897 இல் இனங்கண்டார். இரண்டையும் அருகருகே வளர்த்து ஒப்பிட்ட எவன்ஸ், அவை மிக நெருங்கிய உறவுடையவை என்று கண்டார். நோயின் அறிகுறி தெரியாத பசுவின் பாலிலும் அக்கிருமி இருக்கக்கூடும். அப்படியானால் பச்சைப்பால் மனிதருக்கும் ஆபத்தானதே.

1917 இல் அமெரிக்கப் பற்றீரியாவியலாளர் சங்கத்தில் இதை அறிவித்தார். மறு ஆண்டு கட்டுரை வெளியானது. பெரிய அறிஞர்கள் நம்பவில்லை. அப்படியோர் உறவு இருந்தால் மற்றவர் கண்ணில் படாமல் போயிருக்குமா என்பது அவர்கள் எண்ணம். பெண்ணாகவும் கலாநிதிப் பட்டம் இல்லாதவராகவும் இருந்தது அவருடைய சொல்லுக்கு மதிப்பைக் குறைத்தது. அவர் வாதாடிக் களைக்கவில்லை. ஆய்வுகூடத்தில் வேலையைத் தொடர்ந்தார். 1920 இல் கலிபோர்னியாவில் நடந்த ஆய்வு அவர் முடிவை உறுதிப்படுத்தியது. இரு கிருமிகளும் புரூசெல்லா என்ற ஒரே பேரினத்தில் சேர்க்கப்பட்டன.

1922 இல் அவரையே அந்நோய் தொற்றியது. ஏறத்தாழ 20 ஆண்டுகள் காய்ச்சல் வருவதும் போவதுமாக இருந்தது. ஒரு காலத்தில் அவருக்கு நோயே இல்லை, நரம்புத் தளர்ச்சிதான் என்றும் வைத்தியர்கள் கருதினர். நோயைக் கண்டறிந்தவருக்கே நோய் இருப்பதை நம்ப ஆளில்லாமற் போன கொடுமையை என்னென்பது!

ஆயினும் 1928 இல், ஒரு காலத்தில் தன்னை நம்பாத அதே சங்கத்துக்கு முதற் பெண் தலைவரானார். 1930களில் பாலைப் பாச்சர் முறைப்படி சூடாக்கி விற்கும் சட்டங்கள் அமெரிக்காவில் பரவின. 1945 இல் ஓய்வுபெற்று, 1975 செப்டெம்பர் 5 ஆம் திகதி, 94 ஆவது வயதில் மறைந்தார்.

நம் கல்லூரி ஆய்வுகூடத்தில் முதன்முதலாக நுணுக்குக்காட்டியைக் குனிந்து பார்த்த நாளை நாம் மறக்கவில்லை. கண்டதைக் கண்டபடி சொல்லவேண்டும் என்றுதான் நமக்கும் கற்பித்தார்கள். எவன்ஸ் அம்மையார் அதையே செய்தார். இன்று எங்கிருந்தாலும், அடுப்பில் பால் பொங்கும்போது அவரையும் ஒருகணம் நினைப்போம்.