தறிக்கு 'புரோகிராம்' எழுதிய நெசவாளி மகன்... ஏ.ஐ காலத்தில் ஜக்கார்டை ஏன் தெரிஞ்சுக்கணும்?

ஏ.ஐ வந்து நம்ம வேலையைக் காலி பண்ணிடுமா? ஆபீஸ் டீ பிரேக்கில் தொடங்கி ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப் வரைக்கும் இப்போது இதே பேச்சுதான். டிசைன் பண்றவருக்கும் பயம், மொழிபெயர்ப்பு பண்றவருக்கும் பயம். அவ்வளவு ஏன், இந்தக் கட்டுரையை டைப் பண்ணிக்கொண்டிருக்கிற எனக்கும் அந்தப் பயம் உண்டு.

ஆனால், இந்தப் பயம் நேற்று பிறந்ததில்லை. இருநூறு வருஷங்களுக்கு முன்னால், பிரான்ஸில் இருக்கும் லியோன் நகரத்துப் பட்டு நெசவாளர்கள் இதே பயத்தில் தூக்கம் தொலைத்தார்கள். அவர்கள் தூக்கத்தைக் கெடுத்தவர் வெளியூர்க்காரர் இல்லை. அதே ஊரில், அதே தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்த ஒரு நெசவாளியின் மகன். பெயர், ஜோசப் மேரி ஜக்கார்டு.

இந்தப் பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிற வீட்டுக்குப் போயிருந்தால் நிச்சயம் கேட்டிருப்பீர்கள். தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் பெட்டியை அங்கே ஜக்கார்டு பெட்டி என்பார்கள். அது ஒரு மெஷின் பெயர் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது ஒரு மனிதரின் பெயர். கடன், போர், மகனின் மரணம் என எல்லா அடியும் வாங்கிய ஒருவரின் பெயர்.

ஒன்பது பிள்ளைகளில் மிஞ்சியது இருவர்

1752-ம் வருஷம் ஜூலை 7-ம் தேதி லியோனில் பிறந்தார் ஜக்கார்டு. அப்பா சொந்தத் தறி வைத்திருந்த பட்டு நெசவாளி. வீட்டில் பிறந்த ஒன்பது குழந்தைகளில் வளர்ந்து ஆளானது ஜோசப்பும் ஓர் அக்காவும் மட்டும்தான். பத்து வயதில் அம்மாவையும் இழந்தார்.

ஸ்கூல் பக்கம் போகவில்லை. 13 வயது வரை எழுதப் படிக்கத் தெரியாது. அச்சகமும் புத்தக வியாபாரமும் நடத்திவந்த அக்கா வீட்டுக்காரர்தான் அவருக்கு எழுத்துகளைக் காட்டிக்கொடுத்தார். அப்பாவின் தறியில் உதவிக்கு நின்றபோது அந்த வேலையை ஜோசப்பின் உடம்பு தாங்கவில்லை. அதனால் புத்தகம் பைண்டிங் செய்யும் இடத்துக்கும், அச்செழுத்து வார்க்கும் இடத்துக்கும் வேலை பழக அனுப்பப்பட்டார்.

தறியில் உதவி செய்வது அவ்வளவு கஷ்டமா? கஷ்டம்தான். அதைப் புரிந்துகொண்டால்தான் பின்னால் நடந்த எல்லாம் புரியும்.

கயிறு இழுக்கும் கைகள்

தறியில் நீளவாக்கில் கட்டியிருக்கும் நூல், பாவு. நாடாவில் குறுக்கே ஓடும் நூல், ஊடை. வெறும் துணி நெய்வதென்றால் பாவில் பாதி நூலைத் தூக்கி, மீதியை இறக்கி, நடுவில் ஊடையை ஓட்டினால் போதும். பூவும் பறவையும் கொடியும் வர வேண்டும் என்றால் கதையே வேறு. ஒவ்வொரு முறை ஊடை ஓடும்போதும் பாவில் எந்தெந்த நூல் மேலே வர வேண்டும் என்பது மாறிக்கொண்டே இருக்கும்.

அந்த நூல்களைக் கயிறுகளில் கட்டி, வரிசை தப்பாமல் இழுத்துப் பிடிக்கத் தனியாக ஓர் ஆள் வேண்டும். பல ஊர்களில் இதைச் சின்னப் பையன்கள் செய்தார்கள். லியோனில் இந்த வேலைக்குப் பெரும்பாலும் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் இருந்தார்கள். கயிறோடு சேர்ந்து கனமான எடைகளும் ஏறி இறங்கும். காலையிலிருந்து ராத்திரி வரை இழுக்க வேண்டும். தோள் போகும், முதுகு போகும். ஒரு கயிறு மாறினால் பூவின் இதழ் கோணலாகும், திட்டு விழும்.

ராஜாக்களும் பிரபுக்களும் உடுத்திய பட்டில் நெசவாளியின் திறமை தெரிந்தது. கயிறு இழுத்தவரை யாருக்கும் தெரியாது.

எல்லாம் போன பிறகு...

ஜக்கார்டுக்கு 20 வயது ஆனபோது அப்பா இறந்தார். வீடு, தறிகள், கொஞ்சம் திராட்சைத் தோட்டம், ஒரு கல் குவாரி எல்லாம் கைக்கு வந்தன. 1778-ல் க்ளோதின் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். அடுத்த வருஷமே ஒரு மகன் பிறந்தான். செட்டில் ஆகிவிட்டார் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால், பிசினஸ் அவருக்குக் கைகொடுக்கவில்லை. கடன் ஏறியது, கேஸ் கோர்ட்டுக்குப் போனது. அப்பா விட்டுப்போன சொத்து கையை விட்டுப் போனது. க்ளோதின் வைக்கோல் தொப்பி செய்யும் வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கினார்.

அடுத்து வந்தது பிரெஞ்சுப் புரட்சி. 1793-ல் புரட்சி அரசின் படை லியோனை முற்றுகையிட்டது. நகரத்தைக் காக்கப் போராடியவர்களோடு ஜக்கார்டும் நின்றார். தோல்வி நிச்சயம் என்று தெரிந்ததும் மகனோடு ஊரை விட்டுத் தப்பினார். அப்புறம், இரண்டு பேரும் எந்த அரசை எதிர்த்தார்களோ அதே அரசின் ராணுவத்தில் சேர்ந்தார்கள். அந்தக் காலத்தில் உயிர் பிழைக்க அதுவும் ஒரு வழி. ஜெர்மனிப் பக்கம் நடந்த சண்டையில் மகன் குண்டடிபட்டு இறந்துபோனான். இருந்த ஒரே பிள்ளை.

ஐம்பதை நெருங்கும் வயது, கையில் காசில்லை, பிள்ளையும் இல்லை. இந்த நிலைமையில் லியோனுக்குத் திரும்பிய மனிதர், தறியைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்.

அட்டையில் போட்ட துளை

1801-ல் பாரிஸ் கண்காட்சியில் அவர் மேம்படுத்திய தறிக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது. மீன்வலை பின்னும் கருவி ஒன்றையும் செய்தார். 1803-ல் பாரிஸுக்கு அழைப்பு வந்தது. அங்கே தொழில்கலைக் காட்சியகத்தில் வோகான்சான் என்ற மேதை பல பத்தாண்டுகளுக்கு முன் செய்து வைத்த தானியங்கித் தறி ஒன்று கிடந்தது. அதற்கும் முன்பாக 1725-ல் பூஷோன் என்பவர் துளையிட்ட காகிதச் சுருளையும், அடுத்து ஃபால்கோன் என்பவர் துளையிட்ட அட்டைகளையும் தறியில் முயற்சி செய்திருந்தார்கள். எதுவும் பெரிய அளவில் பழக்கத்துக்கு வரவில்லை.

ஜக்கார்டு செய்தது இந்த எல்லா ஐடியாவையும் சேர்த்து ஒரே பெட்டிக்குள் கொண்டுவந்ததுதான். ஊடை ஒரு முறை ஓட ஓர் அட்டை. அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், அதோடு இணைந்த கொக்கி நூலைத் தூக்கும். துளை இல்லையென்றால் ஊசி பின்னால் தள்ளப்படும், கொக்கி விலகிவிடும், நூல் கீழேயே இருக்கும். அடுத்த ஊடைக்கு அடுத்த அட்டை. அட்டைகளை மாலை மாதிரி கோத்துவிட்டால் டிசைன் தானாக நகரும். வேறு டிசைன் வேண்டுமா? மாலையை மாற்றினால் போதும்.

துளை உண்டு, துளை இல்லை. இதே உண்டு-இல்லை கணக்கில்தான் இப்போது உங்கள் கையில் இருக்கும் போனும் ஓடிக்கொண்டிருக்கிறது!

1804-ல் இந்தத் தறி உருவானபோது அவருக்கு வயது 52. அடுத்த வருஷம் நெப்போலியன் லியோனுக்கு வந்து தறியைப் பார்த்தார். கண்டுபிடிப்பின் உரிமை லியோன் நகரத்துக்குப் போனது. ஜக்கார்டுக்கு வருஷத்துக்கு 3,000 ஃபிராங்க் ஆயுள் பென்ஷன், அதோடு சில வருஷங்களுக்குப் புதிதாக ஓடும் ஒவ்வொரு தறிக்கும் 50 ஃபிராங்க்.

சொந்த ஊரே எதிரியானபோது

தறிக்கு மேலே பெட்டி ஏறினால், பக்கத்தில் நின்று கயிறு இழுத்தவருக்கு என்ன வேலை? ஒரு வேலையும் இல்லை. அந்தப் பெண்களின் வேலைதான் முதலில் போனது.

நெசவாளர்களுக்கும் கோபம். இன்று உதவியாளர், நாளை நாமா என்ற பயம் அவர்களுக்கு. ஜக்கார்டின் தறியை நடுத்தெருவில் உடைத்தார்கள், அவரையே அடிக்கத் துரத்தினார்கள் என்றெல்லாம் லியோனில் கதைகள் உண்டு. எதிர்ப்பு கடுமையாக இருந்தது. ஆரம்பகாலப் பெட்டிகள் அடிக்கடி மக்கர் பண்ணியதும் அவர்களுக்குச் சாதகமாகப் போனது. பின்னால் பிரெத்தோன் என்ற மெக்கானிக் அதைத் திருத்திய பிறகுதான் பெட்டி ஒழுங்காக ஓடியது, வேகமாகப் பரவியது.

நெசவாளர்கள் பயந்த மாதிரி நெசவு அழிந்துவிடவில்லை. லியோனில் தறிகள் பெருகின. க்ருவா ரூஸ் என்ற மேட்டுப் பகுதியில் இந்த உயரமான தறி நிற்பதற்காகவே சுமார் 4 மீட்டர் உயரக் கூரையோடு வீடுகள் கட்டினார்கள். டிசைனைக் கட்டம் போட்ட தாளில் வரைகிறவர், அதைப் பார்த்து அட்டையில் துளை போடுகிறவர் என அட்டையைச் சுற்றி வேலைகள் வளர்ந்தன.

அப்படியென்றால் ஹேப்பி எண்டிங்தானே? இல்லை.

பிரச்னை பெட்டியில் இல்லை

தறியும் பெட்டியும் நெசவாளிக்குச் சொந்தம். அதற்கான செலவும் அவருடையதே. ஆனால், பட்டு நூலைக் கொடுத்தவர் வியாபாரி. நெய்த துணிக்கு என்ன கூலி என்பதை முடிவு செய்தவரும் அவர்தான். தறி வேகமானது, துணி அதிகமானது. ஆனால், கூலி இறங்கியது.

1831 அக்டோபரில் குறைந்தபட்சக் கூலிக்கு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். வியாபாரிகளில் பலர் அதை மதிக்கவில்லை. நவம்பர் 21-ம் தேதி க்ருவா ரூஸ் மேட்டிலிருந்து நெசவாளர்கள் இறங்கி வந்தார்கள். சில நாள்கள் லியோன் நகரமே அவர்கள் கையில் இருந்தது. பிறகு ராணுவம் வந்தது, கூலி ஒப்பந்தம் ரத்தானது. 1834 ஏப்ரலில் இரண்டாவது எழுச்சி. இந்த முறை தெருக்களில் நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள்.

கவனித்தீர்களா? முதலில் மெஷினை எதிர்த்தவர்கள், இந்த முறை மெஷினை எதிர்த்து இறங்கவில்லை. அந்த மெஷினில்தான் அவர்கள் பிழைப்பே ஓடியது. வேகத்தால் வந்த லாபத்தில் எங்கள் பங்கு எங்கே என்றுதான் கேட்டார்கள்.

ஜக்கார்டு அப்போது லியோனுக்குப் பக்கத்தில் உல்லான் என்ற சின்ன ஊரில் அமைதியாக வாழ்ந்துகொண்டிருந்தார். 1819-ல் அரசு அவருக்கு லீஜன் ஆஃப் ஹானர் விருதும் கொடுத்திருந்தது. இரண்டாவது எழுச்சி அடக்கப்பட்டு நான்கே மாதத்தில், 1834 ஆகஸ்ட் 7-ம் தேதி இறந்தார். வயது 82.

செத்த பிறகும் ஓடிய அட்டை

1839-ல் லியோனில் ஜக்கார்டின் உருவப்படம் ஒன்றைப் பட்டிலேயே நெய்தார்கள். அதற்குத் தேவைப்பட்ட அட்டைகள் சுமார் 24,000. பார்ப்பவர்கள் அச்சடித்த படம் என்று ஏமாந்துபோகிற அளவுக்கு நுணுக்கம். அதில் ஒரு பிரதியை வாங்கி வீட்டில் மாட்டி, விருந்தாளிகளுக்குக் காட்டிப் பெருமைப்பட்டவர் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ். அவர் திட்டமிட்ட கணக்கீட்டு இயந்திரத்துக்குக் கட்டளை கொடுக்க அவர் தேர்ந்தெடுத்ததும் இதே துளை அட்டைகளைத்தான். 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹாலரித் என்பவர் துளை அட்டைகளை வைத்தே கணக்குகளைத் தொகுத்தார். அவர் தொடங்கிய கம்பெனி, பின்னாளில் ஐ.பி.எம் ஆன நிறுவனங்களில் ஒன்று.

ஆக, கயிறு இழுத்த பெண்களின் வேலையை எடுத்த அட்டையும், இன்று நம்மைப் பயமுறுத்தும் ஏ.ஐ-யும் தூரத்துச் சொந்தக்காரர்கள்!

காஞ்சிபுரத்திலும் கதை அடுத்த கட்டத்துக்கு வந்துவிட்டது. கட்டம் போட்ட தாளில் வரைந்த டிசைனை இன்று கம்ப்யூட்டரில் வரைகிறார்கள். அட்டையே தேவைப்படாத எலெக்ட்ரானிக் ஜக்கார்டும் வந்துவிட்டது. அட்டை குத்துகிற தொழிலை ஒரு காலத்தில் உருவாக்கியதும் ஜக்கார்டு பெட்டிதான், இப்போது அந்தத் தொழிலைச் சுருக்குவதும் அதன் வாரிசுதான்.

அதனால், அடுத்த முறை உங்கள் வேலைக்குள் ஒரு புது டூல் வரும்போது இரண்டு விஷயங்களை யோசியுங்கள். ஒன்று, அது எடுக்கப்போவது உங்கள் வேலையின் கயிறு இழுக்கும் பகுதியையா, நெய்யும் பகுதியையா? முதலாவது என்றால் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டு நெசவைக் கற்றுக்கொள்ளலாம். இரண்டு, அதனால் மிச்சமாகிற நேரமும் பணமும் யாருக்குப் போகப்போகிறது? இதை ஆரம்பத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. லியோன் நெசவாளர்கள் கேட்டு முடிப்பதற்குள் கால் நூற்றாண்டு ஓடிவிட்டது.

நெசவாளர்கள் வாழ்ந்த அதே க்ருவா ரூஸ் சதுக்கத்தில் இன்று ஜக்கார்டுக்குச் சிலை நிற்கிறது. எந்த ஊர் எதிர்த்ததோ, அதே ஊர் வைத்த சிலை. ஆனால், அந்தப் பெட்டி வந்த நாளில் வேலை இழந்து கிராமத்துக்குத் திரும்பிய பெண்கள் யார், அவர்கள் அப்புறம் என்ன ஆனார்கள் என்பதை எந்தச் சிலைக்குக் கீழேயும் எழுதி வைக்கவில்லை. டெக்னாலஜியைக் கொண்டாடும்போது அவர்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்வோமே!