கயிற்றைப் பிடித்த கை

பகேரியாவில் இருக்கிற உங்களுக்குக் கத்தல்பானோ மலையைத் தெரியும்தானே? அதன் சரிவில்தான் சொலுந்தோ என்ற பழைய நகரத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. மேலே ஏறினால் கடல் நல்ல வடிவாகத் தெரியும். அந்த மலை நானூறு மீற்றர்கூட இல்லை. அதற்கே மூச்சு வாங்கும், என்ன? வீட்டில் இருந்து வெளிக்கிடும்போது அம்மா எத்தனை தரம் கவனம் சொல்லுவா!

இப்ப ஒன்று யோசித்துப் பாருங்கோ. கத்தல்பானோவைப் போல இருபது மலைகளை ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கினாலும் எவரெஸ்டின் உயரம் வராது. எவரெஸ்ட் 8,849 மீற்றர். அதன் உச்சியில் முதன்முதலாக நின்ற இரண்டு பேரில் ஒருவர் டென்சிங் நோர்கே. அவர் அந்த உச்சியில் நின்றது ஏறக்குறையக் கால் மணித்தியாலம். மலையேறுவது எப்படி என்று மற்றவர்களுக்குப் பழக்கியதோ இருபது வருடங்களுக்கும் மேல். இந்தப் பாடத்தில் இரண்டையும் படிப்போம், வாங்கோ.

டென்சிங் 1914-இல் பிறந்தார். அவருடைய அப்பா யாக் மாடு வளர்ப்பவர். யாக் என்பது உடம்பு முழுக்க நீண்ட மயிர் உள்ள, குளிரைத் தாங்கும் மாடு. சின்ன வயதில் டென்சிங் அந்த மாடுகளை மேய்த்தார். மேய்க்கிற இடத்தில் இருந்து பார்த்தால் பெரிய பெரிய பனிமலைகள் தெரியும். அங்கே ஒருநாள் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை.

அவர் பள்ளிக்கூடத்தில் படித்தவர் இல்லை. எழுத வாசிக்கத் தெரியாது. ஆனால் காது கூர்மையானது. ஷெர்பா மொழி, திபெத்திய மொழி, நேபாளி, ஹிந்தி எல்லாம் பேசுவார். பிறகு ஆங்கிலமும் பேசப் பழகினார். வீட்டில் தமிழும் வெளியில் இத்தாலியனும் பேசுகிற உங்களுக்கு இது புதினமாக இராது!

ஏறக்குறையப் பதினெட்டு வயதில் அவர் வீட்டை விட்டு இந்தியாவில் உள்ள டார்ஜிலிங் நகரத்துக்குப் போனார். மலையேற வருகிற வெளிநாட்டுக்காரர் அங்கேதான் சுமை தூக்க ஆள் எடுப்பார்கள். முதலில் டென்சிங்குக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. மாடு பார்த்துப் பிழைத்தார். 1935-இல் எவரெஸ்டுக்குப் போன ஒரு குழு அவரைச் சேர்த்துக்கொண்டது. அது அவருடைய முதல் பயணம்.

அந்த முறை ஒருவரும் உச்சிக்குப் போகவில்லை. 1936-இல் திரும்பப் போனார். முடியவில்லை. 1938-இல் போனார். முடியவில்லை. 1947-இலும் முடியவில்லை. ஒவ்வொரு முறையும் மலை அவரைத் திருப்பி அனுப்பியது.

1952-இல் சுவிற்சர்லாந்துக் குழு ஒன்றுடன் போனார். அந்தக் குழுவில் ரேமண்ட் லாம்பேர் என்பவர் இருந்தார். பனியில் மாட்டுப்பட்டதால் முன்பே தன் கால்விரல்களை இழந்தவர் அவர். அப்படி இருந்தும் மலையேறுவதை விடவில்லை. டென்சிங்கும் அவரும் நல்ல நண்பர்கள் ஆனார்கள். ஒரு இரவு இருவரும் மிக உயரத்தில், படுக்கைப் பையும் இல்லாமல், ஒரு சின்னக் கூடாரத்தில் கழித்தார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லை. மெழுகுதிரிச் சுவாலையில் பனிக்கட்டியை உருக்கிக் குடித்தார்கள். விடிந்ததும் மேலே ஏறினார்கள். உச்சிக்கு இன்னும் ஏறக்குறைய 250 மீற்றர்தான் இருந்தது.

நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீங்கள்? இவ்வளவு தூரம் வந்தாச்சே, இன்னும் கொஞ்சம்தானே என்று ஏறியிருப்பீங்களோ? அவர்கள் இருவரும் நின்று யோசித்தார்கள். மேலே போகலாம். ஆனால் உயிரோடு திரும்பி வர முடியாமல் போகலாம். அதனால் திரும்பி இறங்கினார்கள். அதே வருடம் இன்னொரு தரம் முயற்சி செய்தும் உச்சிக்குப் போக முடியவில்லை. லாம்பேர் தன் சிவப்புச் சால்வையை டென்சிங்குக்குக் கொடுத்தார்.

அடுத்த வருடம், 1953-இல், பிரித்தானியக் குழு ஒன்று வந்தது. ஜோன் ஹன்ட் அதன் தலைவர். நியூசிலாந்தைச் சேர்ந்த எட்மண்ட் ஹில்லாரியும் அதில் இருந்தார். ஒருநாள் ஹில்லாரியும் டென்சிங்கும் ஒரே கயிற்றில் தங்களைக் கட்டிக்கொண்டு பனிக்கட்டிகளுக்கு நடுவே இறங்கினார்கள். ஆழமான ஒரு பிளவைத் தாண்டக் ஹில்லாரி பாய்ந்தார். கால் வைத்த பனிக்கட்டி உடைந்தது. அவர் உள்ளே விழுந்தார்!

டென்சிங் பதறவில்லை. தன் பனிக்கோடரியைப் பனியில் குத்தினார். கயிற்றை அதில் சுற்றி இறுக்கிப் பிடித்தார். ஹில்லாரி தப்பினார். நல்ல கயிறும், அதைப் பிடிக்கத் தெரிந்த கையும் இருந்ததால்தான் அவர் உயிர் பிழைத்தார்.

1953 மே 29, காலை 11.30 மணி. இருவரும் எவரெஸ்டின் உச்சியில் நின்றார்கள். அது டென்சிங்கின் ஏழாவது பயணம். கழுத்தில் லாம்பேரின் சிவப்புச் சால்வை இருந்தது. அவருடைய மகள் நிமா சிவப்பும் நீலமுமான ஒரு சின்னப் பென்சிலைக் கொடுத்து அனுப்பியிருந்தாள். அதையும் கொஞ்சம் இனிப்பையும் பனியில் வைத்து வணங்கினார் டென்சிங்.

உலகம் முழுக்க அவர் பெயர் பரவியது. இனி வீட்டில் இருந்து ஓய்வெடுத்திருக்கலாம். ஆனால் இந்தியாவின் பிரதமர் நேருவும் மற்றவர்களும் டார்ஜிலிங்கில் மலையேற்றப் பள்ளி ஒன்றைத் தொடங்க விரும்பினார்கள். அங்கே பயிற்சி கொடுக்க டென்சிங்கைக் கேட்டார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமோ? சுவிற்சர்லாந்துக்குப் போய், மலையேறப் பழக்குவது எப்படி என்று தானும் ஒரு மாணவராகப் படித்தார். அப்போது அவருக்கு நாற்பது வயது. எவரெஸ்டில் ஏறியவருக்கும் படிக்க இருந்தது!

1954 நவம்பர் 4 அன்று இமாலய மலையேற்றப் பள்ளி திறந்தது. மேஜர் நந்து ஜெயால் அதன் தலைவர். மலையில் கொடுக்கும் பயிற்சிக்கு டென்சிங் பொறுப்பு. நகரங்களில் வளர்ந்த இளைஞர்கள் அங்கே வந்தார்கள். முடிச்சுப் போடவும், கூடாரம் அடிக்கவும், பனியில் நடக்கவும், கயிற்றைப் பிடிக்கவும் பழகினார்கள். தங்கள் சுமையைத் தாங்களே தூக்கினார்கள். களைத்துப்போன கூட்டாளிக்காகக் காத்து நின்றார்கள். இதெல்லாம் புத்தகத்தில் வாசித்தால் மட்டும் வராது. குளிரிலும் காற்றிலும் நின்று பழகினால்தான் வரும்.

ஆனால் இந்தப் படிப்பு லேசானது இல்லை. உயரமான இடத்தில் காற்றில் கிடைக்கும் ஒட்சிசன் குறைவு. தலை இடிக்கும், சத்தி வரும், நித்திரை வராது. வருத்தம் கூடினால் உடனே கீழே இறங்க வேண்டும். அவசரப்பட்டு ஏறினால் உயிருக்கே ஆபத்து. 1958-இல் மேஜர் ஜெயால் சோ ஓயு என்ற மலைக்குப் போனபோது, உயரத்தில் உடல்நிலை மோசமாகி இறந்துபோனார். மற்றவர்களுக்குப் பழக்கிய தலைவரையே மலை கொண்டுபோனது. பள்ளிக்கு அது பெரிய இழப்பு.

அதோடு பள்ளியை மூடவில்லை. டென்சிங் தொடர்ந்து பழக்கினார். 1965-இல் இந்தியக் குழு எவரெஸ்டுக்குப் போனது. ஒன்பது பேர் உச்சியை அடைந்தார்கள். அவர்களில் ஒருவர் நவாங் கோம்பு. அவர் டென்சிங்கின் மருமகன் முறை. அந்தப் பள்ளியில் பயிற்சி கொடுத்தவர். எவரெஸ்டில் இரண்டு முறை ஏறிய முதல் மனிதரும் அவர்தான்.

டென்சிங் 1986-இல் டார்ஜிலிங்கில் காலமானார். பத்து வருடங்களின் பின், 1996-இல், அவருடைய மகன் ஜாம்லிங்கும் எவரெஸ்டின் உச்சிக்குப் போனார்.

அடுத்த முறை கத்தல்பானோவுக்குப் போகும்போது அம்மா கவனம் சொன்னால் சலிக்காதேங்கோ. அம்மா பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. நீங்கள் போக ஆசைப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. தண்ணீர் எடுங்கோ, நல்ல சப்பாத்துப் போடுங்கோ, வழி தெரிந்த பெரியவர் ஒருவரோடு போங்கோ. பின்னால் வருகிறவருக்குக் கை கொடுங்கோ. மழை இருட்டினால் திரும்பி வாங்கோ. மலை அங்கேயேதான் இருக்கும். டென்சிங் ஆறு தரம் திரும்பி வந்தவர். அதனால்தான் ஏழாவது தரம் போக முடிந்தது.

யோசித்துச் சொல்லுங்கோ

1. உச்சிக்குக் கிட்ட வந்தும் டென்சிங்கும் லாம்பேரும் ஏன் திரும்பினார்கள்? அது சரியோ, பிழையோ?
2. எவரெஸ்டில் ஏறிய பிறகும் டென்சிங் ஏன் மாணவராகப் போனார்?
3. வகுப்பறையில் படிக்க முடியாத எதை மலையில் படிக்கலாம்? இரண்டு சொல்லுங்கோ.
4. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சின்ன வயதில் எந்த மலையில் அல்லது காட்டில் நடந்திருக்கிறார்கள்? கேட்டு வந்து வகுப்பில் சொல்லுங்கோ.