வாரத்துக்கு ஒரு பாட்டு

வாலிப வயசில் நானும் பாட்டு எழுத ஆரம்பிச்சேன். நாலாவது வரியில் நின்னுபோச்சு. எனக்கு அந்த வரம் இல்லை என்று நோட்டையே கிழிச்சுப் போட்டேன். பிற்பாடு தேவமனிதன் ஐசக் வாட்ஸின் சரித்திரத்தை வாசித்தபோது வெட்கப்பட்டேன்.

1674-ல் இங்கிலாந்து தேசத்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்தவர். இருபது வயசில், சபையில் பாடுகிற பாட்டுகளில் ஜீவனில்லை என்று தகப்பனாரிடம் குறைப்பட்டார். அப்படியானால் நீயே நல்லதாய் எழுது என்று தகப்பனார் சொல்லிவிட்டாராம். எழுதினார், அடுத்த ஞாயிறே சபை பாடியது. அதன்பின் ஏறக்குறைய இரண்டு வருஷம் வாரத்துக்கு ஒன்றாக எழுதினார் என்பார்கள். ஜனங்களுக்குப் பழகின ராகங்களில் அடங்கும்படி அளவு பார்த்தார். எளியவனுக்குப் புரியாத அலங்கார வார்த்தைகளை, தனக்குப் பிடித்திருந்தும், வெட்டிப் போட்டார். 1707-ல் புஸ்தகம் வந்தது. 1709-ல் திருத்தி, இன்னும் கூட்டி வெளியிட்டார். 1712-ல் கொடிய வியாதியில் விழுந்தும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. 1719-ல் தாவீதின் சங்கீதங்களை இயேசுவின் நாமம் விளங்கும்படி பாட்டாக்கித் தந்தார்.

அருமை வாலிபரே, வரம் கொடுக்கிறவர் தேவன். நோட்டை எடுக்க வேண்டியது நாமதான். இந்த வாரம் நாலே வரி எழுதுங்க. ஆராதனை முடிஞ்சதும் என்கிட்ட காட்டுங்க. சரியா வரலைன்னா, என்னைப்போல கிழிச்சுப் போடாதீங்க, திருத்தி எழுதுங்க. நானும் புது நோட்டு வாங்கியிருக்கேன். கர்த்தர்தாமே நம் கையின் கிரியையை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.