மரக்கட்டைகளில் பாடம் கண்ட புரோபல்

முன்பள்ளிக்குச் செல்லும் தம்பி தங்கையர் மரக்கட்டைகளை அடுக்குவதையும் சரிப்பதையும் நாம் நாள்தோறும் காண்கிறோம். அது வெறும் பொழுதுபோக்கு என்றே பலர் நினைக்கின்றனர். ஆனால் அந்தக் கட்டைகளைக் கல்விச் சாதனமாக்கப் பாடுபட்டு, அதற்காகத் தன் முதுமையில் தடையையும் சந்தித்த ஒருவர் இருந்தார். அவர்தான் ஜேர்மனிய அறிஞர் பிரெட்ரிக் புரோபல்.

புரோபல் 1782 ஏப்ரல் 21 ஆம் திகதி ஜேர்மனியின் துரிங்கியாப் பகுதியிலுள்ள ஒரு மலைக் கிராமத்தில் பிறந்தார். ஒன்பது மாதக் குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தார். மதகுருவான தந்தைக்கு ஊர்ப்பணிகளே அதிகம். மகனைக் கவனிக்க நேரம் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்த சின்னம்மாவோ தனக்கென ஒரு மகன் பிறந்ததும் இவரை ஒதுக்கிவிட்டார். தோட்டத்துச் செடிகொடிகளே அச்சிறுவனுக்குத் துணையாயின. பத்து வயதளவில் தாய்மாமன் இவரைத் தன் வீட்டுக்கு அழைத்துச் சென்ற பின்னரே அன்பின் சுவையை அறிந்தார். குழந்தைப் பருவத்தில் தான் இழந்தது என்ன என்பதை அவர் இறுதிவரை மறக்கவில்லை.

பதினைந்து வயதில் வனத்துறைத் தொழில் பழகச் சென்றார். பின்னர் யேனா பல்கலைக்கழகத்தில் படித்தபோது, கடனை அடைக்க முடியாமல் ஒன்பது வாரங்கள் பல்கலைக்கழகச் சிறையில் இருக்க நேர்ந்தது. 1805 இல் பிராங்பேர்ட் நகரில் ஆசிரியரானபோதுதான் தனக்குரிய பாதை எதுவெனக் கண்டுகொண்டார். அங்கிருந்து சுவிற்சர்லாந்து சென்று, புகழ்பெற்ற கல்வியாளர் பெஸ்டலோசியிடம் இரண்டு ஆண்டுகள் தங்கிக் கற்றார். பிற்பாடு பேர்லின் நகரில் கனியப் பொருட்களின் நூதனசாலையில் பணியாற்றினார். பளிங்குகளின் ஒழுங்கான வடிவங்கள் அவர் மனத்தில் ஆழப் பதிந்தன.

1837 இல் பிளாங்கன்பேர்க் என்னும் சிற்றூரில் குடியேறி, சிறுவருக்கான விளையாட்டுப் பொருட்களைச் செய்யத் தொடங்கினார். அவற்றை அன்பளிப்புகள் என்று அழைத்தார். முதலாவது அன்பளிப்பு ஆறு கம்பளிப் பந்துகள். இரண்டாவது மரத்தாலான கோளம், உருளை, சதுரமுகி. மூன்றாவது, இரண்டு அங்குலப் பக்கமுள்ள ஒரு சதுரமுகி. அது ஓரங்குலக் கட்டைகள் எட்டாகப் பிரியும். நான்காவதும் அதே அளவானது. ஆனால் செங்கல் போன்ற எட்டுக் கட்டைகளாகப் பிரியும்.

அந்தக் கட்டைகளைக் கையாளும் முறையும் இருந்தது. பெட்டியை மேசைமீது கவிழ்த்து, மூடியை இழுத்தெடுத்துப் பெட்டியைத் தூக்கினால் முழுச் சதுரமுகி குழந்தையின் முன்னே நிற்கும். குழந்தை அதைப் பிரித்து நாற்காலி, படிக்கட்டு, வீடு என அமைக்கும். அழகிய கோலங்களாகவும் அடுக்கும். எட்டு என்பது இரண்டு நான்குகள், நான்கு இரண்டுகள் எனத் தன் விரல்களாலேயே உணரும். ஒரு கட்டையும் ஒதுங்கிக் கிடக்கக்கூடாது. கட்டியதை இடித்துத் தள்ளாமல் ஒவ்வொரு கட்டையாக நகர்த்தி அடுத்த உருவத்தை ஆக்க வேண்டும். முடிவில் எல்லாம் மீண்டும் ஒரே சதுரமுகியாகிப் பெட்டிக்குள் செல்லும்.

1840 இல் தன் நிலையத்துக்குக் ‘கின்டர்கார்ட்டன்’, அதாவது குழந்தைகளின் தோட்டம் என்று பெயர் சூட்டினார். சிறுவரைக் கற்பிக்கப் பெண்களைப் பயிற்றுவித்தார். பெண்களுக்குத் தொழில் வாய்ப்புகள் மிகவும் குறைந்திருந்த காலத்தில் அது பெரும் துணிவு. நரைத்த தலையோடு பிள்ளைகளுடன் ஓடியாடிய அவரைக் கிறுக்கர் என்று ஊரார் ஏளனம் செய்தனர். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஆனால் 1851 ஆகஸ்ட் மாதத்தில் பேரிடி விழுந்தது. அவருடைய சகோதரரின் மகன் கார்ல், பெண்களின் உயர்கல்வி பற்றியும் கின்டர்கார்ட்டன் பற்றியும் நூல் ஒன்றை எழுதியிருந்தார். அவருடைய கருத்துகளைப் புரோபலின் கருத்துகளோடு குழப்பிக்கொண்ட பிரஷ்ய அரசு, இவை நாத்திகமும் பொதுவுடைமையும் பரப்புகின்றன என்று கூறிக் கின்டர்கார்ட்டன்களைத் தடை செய்தது. இறைபக்தி மிக்க அம்முதியவர் விளக்கம் அளித்தும் பயனில்லை. 1852 ஜூன் 21 இல் காலமானார். தடை நீங்கியது 1860 இல். அதைக் காண அவர் இருக்கவில்லை. அவரது கல்லறையில் சதுரமுகி, உருளை, கோளம் என்ற மூன்று வடிவங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன.

எனினும் அவருடைய மாணவியரும் ஆதரவாளர்களும் அப்பணியைக் கடல் கடந்து கொண்டு சென்றனர். 1876 இல் அமெரிக்காவின் பிலடெல்பியாக் கண்காட்சியில் அந்தக் கட்டைகளைக் கண்ட தாயொருவர் தன் மகனுக்கு வாங்கிக் கொடுத்தார். அந்த மகனே பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞரான பிராங் லொயிட் ரைட்.

பெற்றோர்களே! பிள்ளைக்குக் கட்டைகள் வாங்கும்போது பெட்டியின் பளபளப்பையும் எண்ணிக்கையையும் பார்த்து மயங்க வேண்டாம். புரோபலின் கட்டைகள் வர்ணம் பூசாதவை, எண்ணிக்கையில் குறைந்தவை. ஒன்றின் நீளம் மற்றொன்றின் இரு மடங்காகவோ பாதியாகவோ பொருந்தும். பிஞ்சுக் கைக்கும் அடங்கும். அத்தகைய எட்டுக் கட்டைகளும், அருகில் அமர்ந்து பார்க்கும் ஒரு தாயும் இருந்தால் போதும். தாயின்றி வளர்ந்த ஒருவர் உலகக் குழந்தைகளுக்கெல்லாம் விட்டுச்சென்ற அன்பளிப்பு அதுவே.