சென்னைக் கவர்னர் எலிஹு யேலும் அவர் குலமுறையும்

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பெனியாரின் பழைய ஏடுகளைப் பயில்வோர், 1690ஆம் ஆண்டிற்குரிய பகுதியில், தெக்னபட்டம் என்றொரு கடற்றுறையைச் சென்னைக் கவர்னர் மராட்டியரிடம் விலைக்குப் பெற்றார் என்னும் செய்தியைக் காண்பர். குழித்துறையாறு கடலொடு கலக்குமிடத்திலுள்ள நம் தேங்காய்ப்பட்டணத்தை அறிந்தோர்க்கு அப்பெயர் செவிக்கு மிக அணித்தாக ஒலிக்கும். ஆயினும் அது வேறு, இது வேறு. கும்பெனியார் வாங்கியது கடலூரையடுத்த தேவனாம்பட்டினம். அங்கிருந்த கோட்டைக்கே புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டனர். கோட்டையினின்று சுடப்படும் பீரங்கிக் குண்டு எவ்வளவு தொலை செல்லுமோ அவ்வளவு நிலமும் விலையுள் அடங்கும் என்பது உடன்படிக்கை. அவ்வெல்லைக்குட்பட்ட ஊர்கள் குண்டுக் கிராமங்கள் எனப் பெயர்பெற்றன. நிலத்தை அளக்க இத்தகைய அளவுகோலை நம் கணக்கர் எவரும் கனவிலும் கண்டிரார்.

ஒலியொப்புமை கொண்டு ஊரைத் துணிதல் பிழையாதல்போலப் பெயரொப்புமை கொண்டு குலத்தைத் துணிதலும் பிழையாம். அத்துறையை வாங்கிய கவர்னர் எலிஹு யேல் என்பார். அமெரிக்காவில் யேல் என்னும் பெயர் தாங்கிய குடும்பங்கள் பல உண்டு. புகழ்பெற்ற யேல் சர்வகலாசாலையும் உண்டு. இவற்றை நோக்குவோர், எலிஹு அக்குடும்பங்களின் மூதாதை என்றும், அச்சர்வகலாசாலையின் ஸ்தாபகர் என்றும் கொள்வது இயல்பே. அவர் இரண்டும் அல்லர். ஆதலின் அவருடைய குலமுறையை அடியிலிருந்து ஆராய்வோம்.

இக்குடும்பத்தார் ஆங்கிலக் குடியேறிகள் என்றே எழுதப்படுவராயினும், உண்மையில் வேல்ஸ் நாட்டினர். பண்டை வேல்ஸ் நாட்டில் குடும்பப் பெயர் என்பது இல்லை. மகன் என்று பொருள்படும் ஒரு சொல்லை இடையில் வைத்துத் தந்தையின் பெயரைச் சேர்த்து வழங்கினர். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தாங்கும் நமக்கு இது புதிதன்று. பின்னர் ஆங்கில வழக்கம் பரவவே, பலர் நிலையான பெயரொன்றை மேற்கொண்டனர். யால் என்னும் நாட்டுப்பகுதியில் நிலமுடைய இக்குடும்பத்தார் அப்பகுதியின் பெயரையே கொண்டு யேல் ஆயினர். நம் பக்கத்திலும் வீட்டுப்பெயரும் ஊர்ப்பெயருமே குலத்தை அறிவிக்கின்றன அன்றோ?

ரெக்ஸம் நகரையடுத்த பிளாஸ் குரோனோ என்னும் மனையில் வாழ்ந்த தாமஸ் யேல் 1619இல் இறந்தார். அவர் மனைவி ஆன் என்னும் அம்மையார், செஸ்டர் அத்தியட்சர் ஜார்ஜ் லாயிடின் மகள். கைம்பெண்ணான அவர், லண்டன் வணிகர் தியோபிலஸ் ஈட்டனை மறுமணம் புரிந்தார். ஈட்டன் பியூரிட்டன் கொள்கையில் ஊறியவர். 1637இல் அவர், மனைவியுடனும் முதற்கணவர்க்குப் பிறந்த யேல் மக்களுடனும் கடல்கடந்து பாஸ்டன் சேர்ந்தார். மறு ஆண்டில் அவரும் ஜான் டேவன்போர்ட் என்னும் போதகரும் நியூ ஹேவன் குடியேற்றத்தை நிறுவினர். 1658இல் இறக்கும்வரை ஈட்டனே அதன் கவர்னர்.

கவர்னரின் வீட்டில் அமைதியில்லை. ஆன் அம்மையார் குழந்தை ஞானஸ்நானம் வேதத்துக்கு ஒத்ததன்று என்று எண்ணத் தலைப்பட்டார். 1645இல் சபையார் அவரை விசாரித்தனர். கொள்கைப் பிழையோடு, மாமியாரை அறைந்தது முதலிய வீட்டுப் பூசல்களும் குற்றப்பட்டியலில் ஏறின. மாமியார் மருமகள் வழக்கு எந்நாட்டுக்கும் பொதுவென்பது இதனால் விளங்கும். முடிவில் அவர் சபையிலிருந்து விலக்கப்பட்டார். அவர் மகன் டேவிட் யேல், நியூ ஹேவன் ஒத்துவராமையால் முன்னமே பாஸ்டனுக்குப் பெயர்ந்திருந்தார். அங்கும் 1646இல், சபை உறுப்பினர் அல்லாதார்க்கும் குடியுரிமை வேண்டுமென்ற விண்ணப்பத்திற் கையெழுத்திட்டு அபராதத்திற்கு உள்ளானார். அந்த டேவிடின் மகனே எலிஹு. 1649 ஏப்ரல் 5ஆம் நாள் பாஸ்டனிற் பிறந்தார். அவருக்கு மூன்று வயது ஆகும்போது குடும்பம் இங்கிலாந்து திரும்பிற்று. பிறந்த மண்ணை எலிஹு பின்னொருபோதும் மிதித்திலர். அமெரிக்காவில் தங்கியவர் அவர் சிற்றப்பன் தாமஸ். அங்குள்ள யேல் குடும்பங்கள் அவர் வழிவந்தன.

எலிஹு 1672 ஜூனில், ஆண்டொன்றுக்கு 10 பவுன் சம்பளமுள்ள எழுத்தராகச் சென்னை வந்திறங்கினார். 1680இல் புனித மரியாள் ஆலயம் கோட்டைக்குள் பிரதிஷ்டையான சில நாட்களில், அங்கு நிகழ்ந்த முதல் விவாகம் அவருடையதே. மணமகள் ஜோசப் ஹின்மர்ஸ் என்னும் கும்பெனி உத்தியோகஸ்தரின் விதவை கேதரின். அவர்களுக்குப் பிறந்த ஒரே ஆண்மகன் டேவிட், நான்கு வயதும் நிரம்பாமல் இறந்தான். ஹின்மர்ஸின் கல்லறையிலேயே அவனை அடக்கினர். பிற்காலத்தில் உயர்நீதிமன்றமும் சட்டக் கல்லூரியும் எழுந்த நிலம் அது.

1687 ஜூலையில் எலிஹு கவர்னரானார். அப்போது சோழமண்டலக் கரையைப் பஞ்சம் வாட்டிற்று. பசியால் மக்கள் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றனர். பிள்ளைகளைத் திருடி விற்ற கயவரும் இருந்தனர். அவ்வாண்டில் ஒரே மாதத்தில் 665 பேருக்குக் குறையாமல் அடிமைகள் சென்னைத் துறையிலிருந்து ஏற்றப்பட்டனர். ஐரோப்பாவுக்குச் செல்லும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது 10 அடிமைகளையேனும் அனுப்புதல் வேண்டும் என்று, யேல் தலைமை வகித்த ஆலோசனைச் சபை ஆணையிட்டது. 1688 மே மாதத்தில் அதே சபை அவ்வியாபாரத்தைத் தடை செய்தது. இரக்கத்தினும், மொகலாய ஆட்சியாரின் சினத்துக்கு அஞ்சியதே அத்தடைக்குப் பெருங்காரணம் என்று நாம் கருதுகிறோம். எலிஹுவின் பாட்டி மாமியாரை அறைந்தது ஈறாக ஏட்டில் உளது. கப்பலேறிய இத்தமிழ் மக்களோ எண்ணிக்கையாகவே ஏட்டில் நின்றனர்.

தனி வியாபாரம் பற்றிய குற்றச்சாட்டுகளாலும், சபையினரோடு ஓயாத பூசலாலும் 1692இல் யேல் பதவி இழந்தார். அவர்க்குப்பின் வந்த நத்தானியல் ஹிக்கின்சன், 1688இல் தொடங்கிய சென்னை நகரசபையின் முதல் மேயர். அவரும் கனெக்டிகட்டில் பிறந்து ஹார்வர்டில் பயின்றவர். அமெரிக்கக் குடியேற்றங்களிற் பிறந்த இருவர் அடுத்தடுத்துச் சென்னையை ஆண்டது நம் சரித்திர பாடங்களில் அரிதாகவே சொல்லப்படுகிறது.

வைர வியாபாரத்தாற் குவிந்த பெருஞ்செல்வத்தோடு யேல் 1699இல் இங்கிலாந்து சேர்ந்தார். பெண்மக்கள் மூவர் இருந்தனர். பெயர் தாங்க மகன் இல்லை. கனெக்டிகட் குடியேற்றத்தின் பிரதிநிதி ஜெரமையா டம்மர் இதனை அறிந்து, 1711இல் தம் நாட்டார்க்கு எழுதினார். நியூ ஹேவன் கிளையைச் சேர்ந்த உறவினன் ஒருவனைத் தம் வாரிசாக்க யேல் எண்ணியிருந்தாராம், அது கைகூடவில்லை. 1701இல் தோன்றிய கனெக்டிகட் கலாசாலை அப்பொழுது பணமின்றித் தவித்தது. 1718இல் பாஸ்டன் போதகர் காட்டன் மேதர், கல்லூரிக்கு இடப்படும் பெயர் மக்களினும் நிலைக்கும் என்னும் கருத்துப்பட யேலுக்குக் கடிதம் விடுத்தார். பிள்ளையில்லாத செல்வரிடம் எதனைச் சொல்லவேண்டுமென்று அப்போதகர்க்குத் தெரிந்திருந்தது! யேல் 417 புத்தகங்களும், முதலாம் ஜார்ஜ் மன்னரின் படமும், ஒன்பது கட்டுச் சரக்கும் அனுப்பினார். காலிகோ, மஸ்லின் முதலிய துணிகள் அச்சரக்கில் இருந்தன. அவற்றை விற்றுவந்த தொகை 562 பவுனுக்குச் சற்று மிகுதி. அவ்வாண்டிலேயே நியூ ஹேவனில் அக்கலாசாலை யேல் கல்லூரி ஆயிற்று. பாட்டியைச் சபை விலக்கிய ஊரிலேயே, குழந்தைப் பருவத்தில் அமெரிக்காவை விட்ட பேரனின் பெயர் கல்லூரி வாயிலில் ஏறியது.

யேல் 1721 ஜூலை 8ஆம் நாள் லண்டனில் இறந்து, ரெக்ஸம் ஆலய முற்றத்தில் அடக்கம் பெற்றார். 1719ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் எழுதப்பட்ட அவர் ஓவியமொன்று யேல் சர்வகலாசாலையில் உளது. பெரியோர் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்க, கழுத்தில் பூட்டுடன் கூடிய வெள்ளிப் பட்டை அணிந்த கறுத்த சிறுவன் ஒருவன் பணிபுரிந்து நிற்கின்றான். 2020இல் அவ்வோவியத்தைக் காட்சியினின்று எடுத்து ஆராய்ந்து, 2022இல் மீண்டும் வைத்தனர். அடிமைமுறையோடு தனக்கிருந்த தொடர்பிற்காக அச்சர்வகலாசாலை 2024இல் மன்னிப்புக் கோரியது. ஓவியத்திலுள்ள பெரியோரின் குலமுறைகள் பல தலைமுறைகட்கு எழுதப்பட்டுள்ளன. சிறுவனுக்கு வயது பத்தளவில் இருக்கலாமென்று ஆராய்ந்தோர் கணித்தனர். அவன் பெயர் அவர்களுக்குக் கிட்டவில்லை.