அக்கரையின் பாடல்: ரித்விக் கட்டக்

வங்கத்தில் பாயும் பத்மா, கங்கையின் கிளையாறு. மழைக்காலத்தில் ஒரு கரையில் நிற்பவருக்கு மறுகரை புலப்படாத அளவுக்கு அது அகன்று ஓடும். அதன் கரையிலுள்ள ராஜசாகி நகரத்தில் இளமையைக் கழித்த ஒருவருக்கு, 1947ஆம் ஆண்டில் அந்நகரம் வேற்று நாட்டு நகரமாயிற்று. வீடும் தோப்பும் படித்துறையும் இருந்த இடத்திலேயே இருந்தன. அங்குச் செல்லும் உரிமை மட்டும் அவருக்கு இல்லாமற்போயிற்று. இழந்த அந்நிலத்தின்மீது கொண்ட ஏக்கத்தைச் சிறுகதையிலும் நாடகத்திலும் இசையிலும் இறுதியாகத் திரைப்படத்திலும் பாடித் தீர்த்தவர் ரித்விக் கட்டக்.

பிறப்பும் இளமையும்

ரித்விக் 1925ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் டாக்காவில் பிறந்தார். தந்தை சுரேஷ் சந்திர கட்டக் மாவட்ட மாஜிஸ்திரேட்டாகப் பணியாற்றியவர். தாய் இந்துபாலா தேவி. ரித்விக்கும் அவருடைய தங்கையும் இரட்டையர். மூத்த அண்ணன் மனிஷ் கட்டக் வங்க இலக்கியத்தில் பெயர் பெற்ற எழுத்தாளர். அவருடைய மகளே, தமிழ் வாசகர்களும் நன்கறிந்த மகாசுவேதா தேவி. எழுத்து மணக்கும் இல்லமும், படகோட்டிகளின் பாடல் கேட்கும் ஆற்றங்கரையும் ரித்விக்கை வளர்த்தன. 1943இல் வந்த வங்கப் பெரும்பஞ்சமும் நான்காண்டுகளுக்குப் பின் வந்த நாட்டுப் பிரிவினையும் அவரது இளமையை இடைமறித்தன. வாழ்விழந்து கல்கத்தாவின் தெருக்களில் வந்து விழுந்த மக்களை அவர் தம் கண்ணால் கண்டார்.

கதையிலிருந்து மேடைக்கு

முதலில் அவர் கையிலெடுத்தது சிறுகதை. அச்சில் வரும் கதை சிலரையே சென்றடைகிறது, அதுவும் மெதுவாகச் சென்றடைகிறது என்ற மனக்குறை அவருக்கு விரைவிலேயே தோன்றியது. நூற்றுக்கணக்கான மக்கள் ஒரே நேரத்தில் கண்டும் கேட்டும் உணரக்கூடியது நாடகம் என்பதால், இந்திய மக்கள் நாடக மன்றத்தில் இணைந்தார். எழுதினார், நடித்தார், இயக்கினார். பின்னர்த் திரைப்படத்தின் பக்கம் திரும்பியதற்கும் காரணம் இதுவே. திரைப்படத்தின்மேல் தமக்குத் தனிக்காதல் எதுவும் இல்லை, அதைவிடப் பெருந்திரளை எட்டும் வேறொரு கருவி கிடைத்தால் இதனை விட்டுவிடுவேன் என்ற கருத்துடையவர் அவர். ஆனால் அவர் எடுத்த படங்களைப் பார்ப்பவர்களுக்கு அதை அப்படியே ஏற்பது சற்றுக் கடினம்.

அகதிகளின் வாழ்வைக் காட்டிய ‘சின்னமூல்’ என்னும் படத்தில் உதவி இயக்குநராகவும் நடிகராகவும் அவர் பணியாற்றினார். அப்படத்தை இயக்கிய நிமாய் கோஷ் பின்னாளில் சென்னைக்கு வந்து, ‘பாதை தெரியுது பார்’ என்ற தமிழ்ப்படத்தை இயக்கியவர். ரித்விக் தாமே இயக்கிய முதற்படம் ‘நாகரிக்’. 1952இல் உருவான அப்படம், அவர் மறைந்த பின்னர் 1977இல்தான் திரைக்கு வந்தது. பழைய மகிழுந்து ஒன்றின்மீது அதன் ஓட்டுநர் கொண்ட அன்பைச் சொல்லும் ‘அஜாந்திரிக்’ 1958இல் வெளிவந்தது.

ஒலியால் எழுதிய துயரம்

1960இல் வெளிவந்த ‘மேகே டாகா தாரா’ (மேகம் மறைத்த விண்மீன்) அவருடைய பெயரை நிலைநிறுத்தியது. சக்திபத ராஜ்குருவின் கதையைத் தழுவிய படம் இது. கல்கத்தாவின் புறநகரில் அகதிகள் குடியிருப்பொன்றில் வாழும் குடும்பத்தின் மூத்த மகள் நீதா. அவளுடைய வருவாயில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது. அண்ணன் சங்கர் இசைப்பயிற்சியில் மூழ்கியிருக்கிறான். நீதா விரும்பிய ஆடவன் அவள் தங்கையை மணந்துகொள்கிறான். இறுதியில் அவளுக்கு மிஞ்சுவது காசநோய்.

கதையை மட்டும் கேட்டால் கண்ணீர்க்கதைகளுள் ஒன்றாகவே தோன்றும். அதனை உயர்த்துவது ரித்விக் ஒலியைக் கையாண்ட முறை. நீதாவும் அவள் விரும்பியவனும் பேசிக்கொண்டிருப்பதைத் தாய் கேட்க நேர்கிறது. மகள் மணமாகிச் சென்றுவிட்டால் குடும்பம் என்னாவது என்னும் அச்சம் அவளுக்கு. அதை அவள் வாய்விட்டுச் சொல்வதில்லை. அடுப்பில் சோறு கொதிக்கும் ஓசை மேலெழுந்து அவளுடைய மனத்தைச் சொல்லிவிடுகிறது. தாய் தீயவளல்லள்; வறுமை அவளை அவ்வாறு எண்ணவைக்கிறது என்பதை அந்த ஓசையே விளக்குகிறது.

தங்கையின் திருமணம் நெருங்கும் இரவில், தாகூரின் பாடலொன்றைக் கற்றுத்தருமாறு அண்ணனிடம் நீதா கேட்கிறாள். இருவரும் சேர்ந்து பாடுகின்றனர். பாடல் முடியுந்தறுவாயில், எங்கும் காணப்படாத சாட்டையொன்று சொடுக்கும் ஒலி எழுகிறது. அதன்பின்னரே அவள் அழுகிறாள். அவள் வீட்டைவிட்டு நீங்கும்போது ஒலிப்பது, தாய்வீட்டிலிருந்து உமையைக் கணவன் வீட்டுக்கு வழியனுப்பும் வங்கநாட்டுப் பாடல். ஒரு பெண்ணின் பிரிவுக்குப் பின்னால் ஒரு நாட்டு மக்களின் பிரிவு கேட்கத் தொடங்குகிறது.

இப்படத்துக்கு இசையமைத்தவர் ஜோதிரிந்திர மொய்த்ரா. சங்கருக்காக ஹம்சத்வனி இராகத்தில் பாடியவர் சென்னையில் பிறந்து கல்கத்தாவில் வாழ்ந்த இந்துஸ்தானி இசைக்கலைஞர் ஏ. டி. கானன். அந்த இராகமும், திருவாரூரில் வாழ்ந்த இராமசாமி தீட்சிதர் உருவாக்கி, பின்னர் வடக்கே சென்று வேரூன்றியதே.

தண்டவாளம் முடியுமிடம்

அடுத்த ஆண்டில் வெளிவந்த ‘கோமல் காந்தார்’ நாடகக் குழுவொன்றின் கதை. கருத்து வேறுபாட்டால் பிளவுபட்ட குழுவில் பிருகுவும் அனசூயாவும் ஒருவரையொருவர் அறிந்துகொள்கின்றனர். பத்மாவின் கரையில் நின்று, எதிர்க்கரையில் தன் வீடு இருந்ததை அவன் அவளிடம் சொல்கிறான். ஒருகாலத்தில் இரு நிலங்களையும் இணைத்த தண்டவாளம் அங்கே பாதியில் முடிந்துகிடக்கிறது. ஒளிப்படக்கருவி அதன்மேல் விரைந்தோடி, முட்டுக்கட்டையில் மோதியதும் திரை முழுவதும் இருள்கிறது. காதலும் பகையும் ஏக்கமும் அந்த ஒரு காட்சியில் அடங்கிவிடுகின்றன. நாடக இயக்கத்தின் உட்பூசல்களை மறைக்காமல் காட்டிய இப்படம் பலருக்குக் கசந்தது, பொருளிழப்பையும் தந்தது.

‘சுபர்ணரேகா’ 1962இல் முடிந்து 1965இல் வெளிவந்தது. தங்கை சீதாவைத் தாயாகவும் தந்தையாகவும் இருந்து வளர்த்த ஈஸ்வர், அவள் விரும்பியவன் தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்தவன் என்று அறிந்ததும் அவனை ஏற்க மறுக்கிறான். இருவரும் ஊரைவிட்டுச் செல்கின்றனர். பல ஆண்டுகளுக்குப் பின், கணவனை இழந்து வறுமையின் எல்லைக்குத் தள்ளப்பட்ட சீதாவின் குடிசைக்குள் நிலைதவறிய ஒருவன், அவள் யாரென்று அறியாமல் நுழைகிறான். அவன் அவளுடைய அண்ணன். அந்தக் கணத்தில் அவள் தன்னை மாய்த்துக்கொள்கிறாள். இத்தகைய தற்செயல் நம்பத்தக்கதா என்று திறனாய்வாளர்கள் வினவினர். சாதியால் கதவை அடைத்த ஒருவன் அதே கதவைத் தட்ட நேர்வதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

ஆசிரியரும் நோயாளியும்

அறுபதுகளின் நடுவில் புனே திரைப்படக் கல்லூரியில் ரித்விக் சில காலம் கற்பித்தார். மணி கௌல், குமார் ஷஹானி, ‘அக்ரகாரத்தில் கழுதை’ என்ற தமிழ்ப்படத்தை இயக்கிய ஜான் ஆபிரகாம் ஆகியோர் அவரிடம் பயின்றவர்கள். 1970இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. எனினும் தொடர்தோல்விகளும் குடிப்பழக்கமும் அவரைச் சிதைத்தன; மனநல மருத்துவமனையில் பலமுறை சிகிச்சை பெற்றார். ஆசிரியப் பணிபுரிந்த மனைவி சுரமாவே குடும்பத்தைத் தாங்கினார். கலைஞனின் துன்பத்தைப் போற்றிப் பேசும்போது, அதன் சுமையைச் சுமந்தவர்களை மறந்துவிடுவது நம் வழக்கமாக இருக்கிறது.

1971இல் வங்கதேசம் பிறந்தபோது அக்கரைக்கு வழி திறந்தது. அங்குச் சென்ற ரித்விக், மீனவர் குலத்தில் பிறந்து இளமையிலேயே மறைந்த அத்வைத மல்லபர்மனின் நாவலைத் ‘திதாஷ் ஏக்டி நதீர் நாம்’ என்னும் பெயரிலேயே படமாக்கினார். படப்பிடிப்புக் காலத்தில் உடல்நலம் குன்றிய நிலையிலும் பணியைத் தொடர்ந்தார். படம் 1973இல் வெளிவந்தது. தம்மையே ஒத்த ஒரு மனிதராகத் தாமே நடித்த ‘ஜுக்தி தக்கோ ஆர் கப்போ’ அவருடைய இறுதிப் படம். 1976ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள், ஐம்பதாம் வயதில் கல்கத்தாவில் அவர் காலமானார். அவர் முடித்த முழுநீளக் கதைப்படங்கள் எட்டு.

‘திதாஷ்’ படத்தின் முடிவில் ஆறு வறண்டுபோகிறது. மீனவர் ஊர் அழிந்துவிட்டது. பசந்தி என்னும் பெண் ஆற்றுமணலைக் கையால் தோண்டி, ஊறிவரும் சிறிதளவு நீரைப் பருக முயல்கிறாள். சாகுந்தறுவாயில் அவள் கண்முன், ஆறு ஓடிய இடத்தில் நெற்பயிர் அசைகிறது. அதன் நடுவே சிறுவன் ஒருவன் இலையால் செய்த ஊதலை ஊதியபடி ஓடிவருகிறான்.